கருப்பா இருந்தாலும்

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது 2016இல், ஒரு அரசு மருத்துவமனையில். குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்துவந்த அக்கா என் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "கருப்பா இருந்தாலும் களையா இருக்கும்மா." அம்மா முகம் வாடிப்போச்சு என்று தங்கச்சி பிறகு சொன்னாள். வாடாமல் என்ன செய்யும்? நூறுநாள் வேலைக் கூலியில் மிச்சம் பிடித்து, நான் முழுகாமல் இருந்த அத்தனை மாசமும் குங்குமப்பூ வாங்கிப் பாலில் போட்டுக் கொடுத்தவள் அவள்.

"இருந்தாலும்" என்ற சொல்லில் ஒரு உம் இருக்கிறது. இலக்கணத்தில் இழிவு சிறப்பும்மை என்று ஒன்று படிப்போம். அதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டில் நம் முன்னோருக்கு அவர்கள் சூட்டிய ஒரு பெயர் இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் அந்த வரி வந்தபோது நான் தலையைத் தூக்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவ வார்டில் என் மகளுக்கு முன்னால் வந்து நின்றதும் அதே உம்தான்.

குழந்தையின் மரபணுவைத் தேர்ந்தெடுப்பது பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். பணக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய நிறத்தில், உயரத்தில், அறிவில் பிள்ளை செய்துகொள்வார்கள், ஏழைகள் பின்தங்கிப் போவார்கள் என்று கவலைப்படுகிறார்கள். கவலை நியாயம்தான். எனக்கு வேறொரு கேள்வி. இதை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தால்? அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்தால், நம் காலனியிலிருந்து எத்தனை பேர் வரிசையில் போய் நிற்போம்?

அம்மாவிடமே கேட்டேன். "நிப்பேன். இதுல என்னாடி தப்பு? நான் பட்டத என் பேத்தியும் படணுமா?" என்றாள்.

தோழர்களே, இந்தப் பதிலைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அம்மா அழகைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாத்தியார் கிடையாது, கருவாச்சிதான். நடவு வயலில், கல்யாணப் பந்தலில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று ஆயுசு முழுக்க வாங்கியது அவளுக்குத் தெரியும். அந்த அடி விழாத உடம்பு ஒன்றைப் பேத்திக்குக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறாள். கருப்புதான் அழகு என்று மேடையில் பேசுவது எனக்குச் சுலபம். சங்கப் பாட்டில் மாமை நிறம்தான் அழகு, வெளுத்துப்போனால் அது பசலை, நோவு என்று அவளுக்குப் பாடமும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். "அந்தக் காலத்துல யாருடி நமக்கு மொய் வச்சாங்க" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் அவளுக்கும் தெரிந்த ஒன்று உண்டு. நம் தெருவில் சிவப்பாகப் பிறந்தவர்கள் இல்லையா? ஊர்த்தெருவில் கரிக்கட்டை மாதிரி இருப்பவர்கள் இல்லையா? என் சின்ன மாமன் நல்ல சிவப்பு. அதற்காக டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் இல்லாமல் போகவில்லை. கல்லூரி விடுதியில் என் தோழி ஒருத்தியிடம் "உன்னப் பாத்தா அப்படித் தெரியலையே" என்பார்கள், ஏதோ பாராட்டுவது போல. சாதி தோலோடு நின்றுவிடுவதில்லை. எந்த ஊரு, எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றாரு என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் கண்டுபிடித்துவிடும். தெருப் பேரை எந்த மரபணுவில் போய் மாற்றுவது?

அம்மாவின் வாதத்தை வேறு வடிவத்தில் நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பொம்பளப் புள்ள பொறந்தா கஷ்டப்படும், அதுக்குப் பொறக்காமலே இருக்கலாம் என்பது. 1980களில் உசிலம்பட்டிப் பக்கம் கள்ளிப்பால் ஊற்றினார்கள். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அதற்குள் ஸ்கேன் வந்துவிட்டது. கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994இல் மத்திய அரசு சட்டம் போட்டது. கருத்தரிப்பதற்கு முன்பே தேர்ந்தெடுப்பதையும் 2003 திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. ஆக, பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் காலம் இனிமேல்தான் வரப்போகிறது என்று பேசுவது சரியில்லை. பெண்ணைக் கொடுமை செய்கிற வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் பெண்ணை இல்லாமல் ஆக்கினோம்.

விஞ்ஞானம் எதுவரை வந்திருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரக்காரன் சொல்வதுதான் விஞ்ஞானம் என்று ஆகிவிடும். 1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. உடம்புக்கு வெளியே கரு உண்டாக்க முடிந்ததும், அதைச் சோதித்து வைப்பதும் கழிப்பதும் சாத்தியமானது. அப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுத்த முதல் குழந்தைகள் 1990இல் லண்டனில் பிறந்தன. அந்தக் குடும்பங்களில் இருந்தவை ஆண் பிள்ளைகளைத் தாக்கும் பரம்பரை நோய்கள். அதனால் அங்கே பொறுக்கி எடுத்தது பெண் கருக்களை! இருக்கிற கருக்களில் ஒன்றைப் பொறுக்குவது ஒன்று, கருவின் மரபணுவையே வெட்டித் திருத்துவது இன்னொன்று. 2012இல் வந்த கிரிஸ்பர் முறை அதைச் சுலபமாக்கியது. 2018 நவம்பரில் சீனாவின் ஹெ ஜியான்குய், எய்ட்ஸ் கிருமி தொற்றாதபடி திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டு சிறை.

அறிவும் உயரமும் கடையில் வாங்கும் சரக்கு இல்லை. 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, உயரத்தோடு தொடர்புள்ள மாற்றங்கள் 12,111 என்று சொன்னார்கள். உயரத்துக்கே இத்தனை. ஒரு தம்பதியின் கருக்களில் சிறந்ததாகக் கணிக்கப்படுவதைப் பொறுக்கினால் உயரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டரும், அறிவுத்திறன் அளவு சுமார் இரண்டரைப் புள்ளியும் கூடலாம் என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. அதுவும் சராசரிதான், உத்தரவாதம் கிடையாது. சத்துணவு முட்டையும் ஒழுங்காக வருகிற ஒரு வாத்தியாரும் இதைவிட அதிகம் செய்வார்கள் என்பது என் கட்சி.

நிறம் அப்படியில்லை. வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனை ஆராய்ந்தவர்கள் 2005இல் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் மனிதத் தோல் வெளுக்கிறது. ஐரோப்பியர்களில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் அந்த மாற்றம் உண்டு. நம் துணைக்கண்டத்திலும் பரவியிருக்கிறது. நிறத்துக்கும் பல மரபணுக்கள் உண்டுதான். ஆனால் இந்த ஒன்றின் பங்கு பெரிது. கண் நிறமும் முடி நிறமும் தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கருத்தரிப்பு நிலையம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. இங்கே கடை திறந்தால் எது முதலில் விற்கும் என்பதற்கு ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் விளம்பரப் பக்கத்தைப் பார்த்தால் போதும்.

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிவந்த நிறம், உயரம், படிப்பு, அதே உட்பிரிவு. பிறக்கப்போகிற பிள்ளைக்கான பட்டியல்தான் அது. சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போது, ரத்தத் தூய்மை, இன மேம்பாடு என்று விஞ்ஞானத்தின் பேரால் சாதியைக் காப்பாற்ற வந்தவர்களை எடுத்துக்கொள்கிறார். சாதி யாரோடு சேரக்கூடாது என்றுதான் சொல்கிறது, ஒரு சாதிக்குள் எந்த இருவர் சேர வேண்டும் என்று அது பொறுக்குவதில்லையே, இது எப்படி இன மேம்பாடு ஆகும் என்று கேட்கிறார். மனசின் உயர்ந்த ஆற்றல்கள் ஏதோ ஒரே வழியில் பரம்பரையாக இறங்குவதில்லை என்பதற்கு பேட்சன் என்ற ஆங்கிலேய மரபியலாளரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். 12,111 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

அதே இடத்தில் இன்னொரு வாதமும் வைக்கிறார்: சாதி இனத்தை மேம்படுத்தியது என்றால் இந்தியர்கள் ஏன் இப்படிக் குள்ளமாக, தெம்பில்லாமல், ராணுவத்துக்கு லாயக்கில்லாமல் இருக்கிறார்கள்? எதிராளியின் கத்தியைப் பிடுங்கி அவனையே குத்துவது. அன்று அது தேவைப்பட்டது. உலகம் முழுக்க அந்தக் கத்தியோடுதான் திரிந்தது. கால்டன் 1883இல் யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் 1907 தொடங்கிப் பல மாநிலங்கள் சட்டம் போட்டு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தன. ஜெர்மனியில் 1933 சட்டத்தின் கீழ் சுமார் நான்கு லட்சம் பேர். ஆனாலும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வரும் ஒரு தோழர் அந்த வரிகளை என்னிடம் காட்டி, "இங்க மட்டும் தலைவர் என்னைப் பாக்கல" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

சுத்த ரத்தம் காத்தவர்களின் கதையை இன்றைய மரபியல் வேறுமாதிரிச் சொல்கிறது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில் இங்கே எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள், பிறகு கதவு சாத்தப்பட்டது என்கிறது 2013இல் வந்த ஆய்வு. 2017இல் வந்த இன்னொன்று தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்து, அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சிறிய கூட்டத்திலிருந்து பெருகித் தமக்குள்ளேயே கலந்தவை, அதனால் பரம்பரை நோய்கள் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது. பெட்டியில் பூட்டிக் காத்ததில் நோயும் இருந்திருக்கிறது.

சந்தை இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், விந்து, கருமுட்டை கொடுப்பவரின் உயரம், எடை, படிப்பு, தொழில், தோல் நிறம், கண் நிறம் எல்லாம் பதியச் சொல்லியிருந்தது. சாதி அதில் இல்லை. தம்பதிகள் அதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்று பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். 2021 சட்டம் வருவதற்கு முன்பு வாடகைத்தாய் தொழிலாக நடந்தபோது, சுமக்கிற கருப்பை யாருடையது என்று அவ்வளவாகக் கேட்கவில்லை. கருப்பை மரபணுவைக் கொடுப்பதில்லை, வெறும் சுமை. தீட்டு முட்டையில் மட்டும் இருந்தது. அந்த முட்டைக்காக ஈரோட்டில் பதினாறு வயதுப் பெண்ணைப் பொய் ஆதார் அட்டையோடு கொண்டுபோய்ப் பலமுறை எடுத்தது 2022இல் வெளியே வந்தது. பெற்ற தாயே கைதானாள். 2017இலோ, ஆர்.எஸ்.எஸ். சார்ந்த ஆரோக்கிய பாரதி அமைப்பினர், கருப்பும் குள்ளமுமான பெற்றோருக்கும் சிவப்பாக, உயரமாகப் பிள்ளை பிறக்க வைக்கலாம் என்று கர்ப்ப சம்ஸ்காரம் பேசினார்கள். அதில் விஞ்ஞானம் ஒரு துளி கிடையாது. ஆசை மட்டும் அப்படியே என் அம்மாவினுடையது.

அப்படியானால் எந்த மரபணுவையும் தொடக்கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952இல் நம் நீலகிரி ஆதிவாசிகளிடம். எலும்புக்குள் கத்தி இறங்குவது மாதிரி வலி. அப்பா அம்மா இருவரிடமும் அந்த மரபணு ஒவ்வொன்று இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 2047க்குள் அதை ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலையில் இயக்கம் தொடங்கி, ஏழு கோடிப் பேரைச் சோதித்து அட்டை தரத் திட்டமிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேர் அட்டையையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள், ஜாதகம் மாதிரி. நோயாளியின் மஜ்ஜைச் செல்லையே கிரிஸ்பரால் திருத்தும் சிகிச்சைக்கு அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். பழங்குடிக்கு அட்டை, சிகிச்சை வேறு யாருக்கோ. இருந்தாலும் ஒரு ஆதிவாசித் தாய் அந்த வலி இல்லாத கருவைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அந்தத் தோழரிடம் இதைச் சொன்னேன். எனக்கு ஒரு அளவுகோல் இருந்தது. உலகத்தில் எல்லாரும் அந்தப் பிள்ளையை ஒழுங்காக நடத்திவிட்டால் அதன் துன்பத்தில் மீதி என்ன இருக்கும்? கருப்பில் ஒன்றும் மிஞ்சாது. பெண்ணாகப் பிறந்ததிலும் மிஞ்சாது. அரிவாள் செல்லில் வலி மிஞ்சும். முன்னவற்றைக் கருவில் திருத்துவது, அடிப்பவனை விட்டுவிட்டு அடிபடுகிறவளின் உடம்பை அவனுக்குத் தோதாக வளைப்பது. பின்னது வைத்தியம்.

தோழர் சிரித்தார். "எனக்குச் சாய்தளம் இருந்தா பாதி போயிடும். மீதி இருக்குது. அந்த மீதிய யாரு அளக்கறது, நீயா, டாக்டரா, எங்கம்மாவா?" என்றார். "உங்கம்மா உன் நிறத்தப் பத்திச் சொல்றத ஊரே என் உடம்பப் பத்திச் சொல்லுது. இவன் பொறக்காமலே இருந்திருக்கலாம்னு என் காதுபடவே சொல்லியிருக்காங்க." அளக்கிற இடத்தில் குறைந்தபட்சம் அவரைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். அது பதிலாகாது என்பது இருவருக்கும் தெரியும். பேச்சு அங்கேயே நிற்கிறது.

இப்போது தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள். போன வாரம் டவுனுக்குக் கிளம்பும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்து, குங்குமப்பூ ஒரு கிராம் வாங்கிட்டு வா என்றாள். பூவுல நிறம் மாறாதும்மா, மாறவும் வேணாம் என்று அரைமணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "தெரியும்டி. இருந்தாலும் வாங்கிட்டு வா" என்றாள்.

வாங்கிக் கொடுத்தேன்.