கண்ணும் ஓர் அமானிதம்

"பிள்ளைக்கு மாறுகண், நஸீபு அப்படி" என்று வாளாவிருக்கும் பெற்றோர் நம்மில் உண்டு. இது தவக்குல் ஆகுமா?

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் விஞ்ஞானிகள் 1963-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். (வாயில்லா ஜீவனுக்குச் செய்த இதனை நம் மனம் ஒப்பவில்லை.) அக்கண்ணால் குட்டிக்குப் பார்க்க இயலவில்லை. மூளையில் பார்வைக்குரிய நரம்பணுக்கள் அநேகமாக யாவும் திறந்திருந்த கண்ணுக்கே பணிந்தன. மூடிய கண்ணோடிருந்த இணைப்புகள் வலுவிழந்திருந்தன. வளர்ந்த பூனைக்கு இவ்வாறு நேரவில்லை. 1981-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஆக, கண்ணைப் படைத்த அல்லாஹ், அது மூளையோடு உறுதியாகப் பின்னிக்கொள்ள ஒரு தவணையையும் வைத்திருக்கிறான். அத்தவணையில் பிள்ளை நம் கையில் அமானிதம். வைத்தியம் செய்தும் பார்வை வராவிடில் அது கத்ர். செய்யாமலிருந்துவிட்டுக் கத்ரின் மேல் பழிபோடுவது வேறு. மாறுகண்ணுக்குச் சிகிச்சை சிறு வயதிலேயே நன்கு பலன் தரும். பிறவிக் கண்புரைக்கோ வாரக் கணக்கில்தான் அவகாசம்.

குழந்தையின் ஒரு கண்ணைக் கையால் மறைத்தால் சும்மா இருந்து, மற்றதை மறைத்தால் மட்டும் அழுகிறதா? தாய்மார் கவனித்து, டாக்டரிடம் கொண்டுபோகட்டும்.