விதை நெல்லும் வீட்டுக் காசும்

செவ்வாய்க்கிழமை காலையில் சிறுவாபுரி போயிருக்கிறீர்களா? சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் போய், உள்ளே திரும்பினால் வரும் ஊர். அங்கே பாலசுப்பிரமணியராக நின்றருளும் முருகனை ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து தரிசித்தால் சொந்த வீடு அமையும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இடம் எங்கே, எந்த வங்கியில் லோன், இது எத்தனையாவது வாரம்... எல்லாம் வந்துவிடும்!

சில மாதங்களுக்கு முன்பு நானும் அந்த வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற அம்மாள், ''வாடகை வீட்டுலயாம்மா இருக்கீங்க?'' என்று விசாரித்தார்.

''இல்லைங்க. மாமனார் கட்டின வீடு. இது... வாடகைக்கு விடறதுக்கு ஒண்ணு வாங்கிப் போடலாம்னு...''

''ஓ! ரெண்டாவதா!''

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த 'ரெண்டாவதா' என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. குடியிருக்க ஒரு கூரை வேண்டும் என்று பலரும் கண்ணீரோடு நிற்கிற இடத்தில், வாடகை வாங்க ஒரு வீடு வேண்டும் என்று நான் கைகூப்புவது நியாயமா? இது ஆசையா, பேராசையா?

நீங்களும் எப்போதாவது இப்படி யோசித்திருப்பீர்கள். பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்காத ஒரு வருமானம்... இதற்காகத்தானே நாம் காசு சேர்க்கிறோம்? பொருள் சேர்ப்பதைப் பாவம் என்று நம் பெரியவர்கள் சொல்லவில்லை. 'பொருள் செயல்வகை' என்று திருவள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். அதற்கு அவர் போடும் நிபந்தனை, தீய வழியில் வந்ததாக இருக்கக் கூடாது, அருளும் அன்பும் கலக்காமல் வந்ததாகவும் இருக்கக் கூடாது என்பதுதான். திருமலையப்பனே குபேரனிடம் கடன் வாங்கியவர் என்கிறது தல புராணம். (கல்யாணத்துக்காக வாங்கினார். வாடகைக்கு விட அல்ல என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது!)

ஆகவே, வீடு வாங்குவதில் எனக்குக் குழப்பம் தீர்ந்துவிட்டது. குழப்பம் வந்தது, அதற்கான முன்பணம் சேர்க்கும் காலத்தில்தான்.

முன்பணம் என்றால் எவ்வளவு தெரியுமா? நாங்கள் பார்த்த பழைய ஃபிளாட் ஒன்றின் விலை 40 லட்சம். வங்கி அதில் 80 சதவீதம், அதாவது 32 லட்சம்தான் கடனாகத் தரும். மீதி 8 லட்சம் நம் கைக்காசு. அதோடு முடிந்ததா? தமிழ்நாட்டில் இப்படி ஒரு பழைய வீட்டைக் கிரயம் செய்ய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த விலைக்கே பத்திரம் பதிந்தால் இன்னொரு 3 லட்சத்து 60 ஆயிரம். இதை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. தரகர் கமிஷன், வக்கீல், வெள்ளையடிப்பு தனி. ஆக, கையில் 12 லட்சமாவது இல்லாமல் பத்திர ஆபீஸ் வாசலை மிதிக்க முடியாது. அதற்குப் பிறகும் 20 வருஷத்துக்கு 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 27,800 ரூபாய். வரப்போகும் வாடகையோ 12,000. மீதியை நம் சம்பளத்திலிருந்துதான் போட வேண்டும். 'வாடகையே தவணையைக் கட்டிடும்' என்று யாராவது சொன்னால், ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் பாட்டிமார் இதையெல்லாம் கடுகு டப்பாவில் சேர்த்தார்கள். சிறுவாடு என்று அதற்கு ஓர் அழகான பெயர் உண்டு. புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்து, புருஷனுக்குக் கஷ்டம் வரும்போது எடுத்துக் கொடுக்கிற காசு! 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அந்தச் சிறுவாடு வெளியே வந்தது, நினைவிருக்கிறதா? என் அம்மாவின் டப்பாவும் அன்றைக்குத்தான் திறந்தது. அப்பா பேச்சற்றுப் போனார்.

நான் சேர்ப்பது ஆர்.டி.யில். மாதம் 15,000. புடவை வாங்குவதை நிறுத்தினேன். ஓட்டலுக்குப் போவதில்லை. நவராத்திரிக்குப் புதுப் பொம்மை இல்லை. இதெல்லாம் எனக்கு நானே போட்டுக்கொண்ட விரதம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தரகர் ஒரு யோசனை சொன்னார். ''பத்திரச் செலவுக்குக் குறையுதா? குடி வர்றவங்ககிட்ட பத்து மாச அட்வான்ஸ் வாங்கிடுங்கம்மா. ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்துரும். அதை வெச்சு அடைச்சுக்கலாம்!'' 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? அந்தப் பத்து மாத அட்வான்ஸும் வேறொரு பெண் தன் கடுகு டப்பாவிலிருந்து எடுத்து வருவதுதானே! என் பூட்டுச் சாவிக்கு அவள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அந்த யோசனையை ஒரே நிமிஷத்தில் தள்ளிவிட்டேன்.

அடுத்து வந்ததைத்தான் அப்படித் தள்ள முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா, ஒருநாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி நின்றார். ''ஒரு பதினைஞ்சாயிரம் இருந்தா குடும்மா. பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக்க.''

''கையில இல்லக்கா'' என்றேன், யோசிக்காமலே.

அவர் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். பூஜை அறையில் விளக்கேற்றிக் கொண்டிருந்த அத்தை, அதாவது என் மாமியார், வெளியே வந்தார். ''விளக்கு வெச்ச நேரத்துல இல்லைன்னு சொல்றியேம்மா'' என்று மட்டும் சொன்னார். அரிசி தீர்ந்தால்கூட 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லாதவர் அவர். 'நிறைஞ்சிருக்கு' என்பார்.

என் பேங்க் பாஸ் புத்தகத்தில் அன்றைக்கு 5 லட்சத்துச் சொச்சம் இருந்தது. நான் சொன்னது பொய்யா? வீட்டுக்கென்று ஒதுக்கிய காசு என்னுடையது இல்லை, அது விதை நெல்; விதை நெல்லை எடுத்துச் சமைத்தால் அடுத்த போகம் கிடையாது... இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விவசாயக் குடும்பங்களில் பட்டினி கிடந்தாலும் விதை நெல்லைத் தொட மாட்டார்கள். அதுவும் ஒரு தர்மம்தானே?

விதை நெல் என்றதும் இளையான்குடி மாற நாயனார் நினைவுக்கு வந்துவிட்டார். பெரிய புராணத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். அடியார்களுக்கு அன்னமிட்டே செல்வமெல்லாம் கரைந்தவர். ஒரு மழை ராத்திரியில் ஓர் அடியார் பசியோடு வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று பகலில்தான் வயலில் விதைத்த முளை நெல் இருக்கிறதே, அதை வாரிக்கொண்டு வாருங்கள் என்று வழி சொன்னது யார் தெரியுமா? அவர் மனைவி! கும்மிருட்டில், தலையில் கூடையோடு போய் நாயனார் அதை அள்ளி வந்தார். அடுப்பெரிக்க விறகில்லை. தன் வீட்டுக் கூரையின் கழியை வெட்டிக் கொடுத்தார். வந்திருந்தவர் சிவபெருமான் என்பது அவர்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

இந்தக் கதையைச் சொற்பொழிவில் கேட்டு எத்தனை முறை கண் கலங்கியிருக்கிறேன்! ஆனால் கூரையை வெட்டியவரைக் கும்பிட்டுக்கொண்டே, நான் இன்னொரு கூரைக்காக 'இல்லை' என்றிருக்கிறேன்.

அதற்காக, யார் கேட்டாலும் அள்ளிக் கொடுத்துவிட முடியுமா? முடியாது. நாயனாருக்குப் பிள்ளைகள் இருந்ததாகப் புராணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். தருவதற்கு மனமில்லாவிட்டால் 'தர முடியலை அக்கா' என்று சொல்லியிருக்கலாம். அது கடுமையாக இருந்தாலும் உண்மையாக இருந்திருக்கும். 'இல்லை' என்றபோது நான் காப்பாற்றியது காசை மட்டுமல்ல, 'நல்லவள்' என்ற என் பெயரையும்தான். அதுதான் என்னை உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து விசாரித்தேன். தண்டலுக்கு வாங்கிக் கட்டிவிட்டாராம். 15,000-க்குக் கையில் தந்தது 12,750. நாளொன்றுக்கு 150 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கணவரிடம் சொன்னேன். ''ஒரு மாச ஆர்.டி.தானே, ஒரு மாசம் தள்ளிப் போகட்டும்'' என்றார். முழுதாகக் கொடுத்தேனா? அதுவும் இல்லை. 10,000 கொடுத்தேன், தண்டல்காரர் கணக்கைக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்க. மனசு அவ்வளவுதான் திறந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

போன மாதம் முதல் தவணையாக இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினார் அக்கா. வாங்கி சாமி மாடத்தில் வைத்தேன். இதை வீட்டுக் கணக்கில் சேர்ப்பதா, இல்லை இப்படி யாராவது கேட்கும்போது கொடுப்பதற்கென்று தனியாக ஒரு டப்பா போடுவதா என்று அத்தையிடம் கேட்டேன்.

''அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். அரிசி நிறைஞ்சிருக்கு, போய் வாங்கிட்டு வா'' என்றார்.