வழிப்போக்கருக்குக் கட்டிய இடம்



அவரவர் வீட்டில் அவரவர் மனத்துக்கு உகந்த இடம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஒருவருக்குக் கூடத்து ஊஞ்சல். ஒருவருக்கு ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி. அடுக்களை வேலை ஓய்ந்த பிற்பகலில் கிணற்றடித் துவைகல்லின்மேல் சற்றுநேரம் தனியாக உட்கார்ந்திருக்கக் கிடைப்பதையே அன்றைய தினத்தின் பாக்கியமாகக் கருதும் தாய்மார்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்த இடம், காவிரிக்கரைக் கிராமத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் வாசல் திண்ணை. அதில் அமர்ந்த மாத்திரத்தில் மனத்துக்கு உண்டாகும் சாந்தி எங்கிருந்து வருகிறது என்று நெடுநாளாக யோசித்து வந்ததில் எனக்குத் தோன்றியதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கிழக்குப் பார்த்த வீடு அது. வாசற்படியின் இருபுறமும் இரண்டு திண்ணைகள். தெற்கே இருப்பது சற்று நீளமானது, ஒருவர் காலை நீட்டிப் படுப்பதற்குப் போதுமானது. அதன் தென்கோடியில், செங்கல்லை அடுக்கிக் காரை பூசி, தலை வைத்துக்கொள்வதற்கென்றே சரிவாக எழுப்பிய ஒரு மேடு உண்டு. பஞ்சுத் தலையணையின் சுகம் அதில் இல்லைதான். ஆயினும், கழுத்து எந்த அளவுக்குச் சாய வேண்டுமோ அந்த அளவுக்கே சாயும்படி, கொத்தனார் தாமே அதில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுத்தாரோ என்று எண்ணும்படி, அது அமைந்திருக்கிறது. மேடு ஏன் தென்கோடியில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வடக்கே தலை வைத்துப் படுக்கலாகாது என்பது நம்மவர் சம்பிரதாயம். அர்த்தராத்திரியில் திசை தெரியாத ஊருக்கு வந்து சேர்ந்து, யாரையும் எழுப்பிக் கேட்காமல் அலுப்போடு சாய்ந்துவிடும் ஒருவன், தெரியாமல்கூட வடக்கே தலை வைத்துவிடக் கூடாது என்ற கரிசனம் அந்தச் செங்கல் மேட்டில் இருக்கிறது.

நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்தைப் பூசி, அது இறுகுவதற்குள் வழவழப்பான கல்லைக் கொண்டு இழைத்து இழைத்து மெருகேற்றிய தளம் அது. சுவர் தடிப்பாகவும் ஓட்டுச் சார்ப்பு தாழ இறங்கியும் இருப்பதால், சித்திரை மாதத்து உச்சிவேளையிலும் உள்ளங்கையை வைத்தால் அங்கே குளிர்ச்சி தெரியும். ஓரத்தில் யாரோ உளி கொண்டு ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கீறியிருக்கிறார்கள்; 3 புலிகளையும் 15 ஆடுகளையும் வைத்து எத்தனை பிற்பகல்கள் அங்கே கழிந்தனவோ, கோடுகளின் விளிம்பெல்லாம் தேய்ந்து மழுங்கிக் கிடக்கிறது. சுவரில் ஒரு மாடக்குழி. அந்தியில் அகல் வைப்பதற்கு. வீட்டுக்காரர்கள் உறங்குவதோ உள்ளே, ரேழிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு. அப்படியானால் வெளியே அந்தத் தலைமேடும் விளக்கும் யாருக்காக?

இதை நினைத்துப் பார்க்கும்பொழுதுதான் என் மனம் நெகிழ்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் வண்டி ஓடியது 1856-ஆம் வருஷத்தில். அதற்கு முன்பும், அதற்குப் பின்பு வெகுகாலம் வரையிலும், காசிக்கும் ராமேசுவரத்துக்கும் யாத்திரை செய்தவர்களும், மகளைப் பார்க்கச் சீர்வரிசை சுமந்து சென்றவர்களும், வழக்குக்காகக் கச்சேரிக்கு நடந்தவர்களும், பிழைப்பைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களும், பொழுது சாய்ந்த இடத்திலே இராத் தங்கியாக வேண்டியவர்களாக இருந்தார்கள். அவர்களுக்கென அரசர்கள் சத்திரங்கள் கட்டினார்கள்; தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தனாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் அந்தத் தருமத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. சத்திரம் கட்டச் சக்தியில்லாத சாமானியக் குடும்பஸ்தர்களோ, தங்கள் மனையிலேயே தெருவை ஒட்டிய பாகத்தை ஒதுக்கி, தாழ்ப்பாளுக்கு வெளியே, கேட்காமலே எவரும் வந்து படுத்துக்கொள்ளலாம் என்ற சம்மதத்தைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் தெரிவித்து வைத்தார்கள். அந்தச் சம்மதத்திலும், இன்னார் ஏறலாம் இன்னார் ஏறலாகாது என்று ஜாதியின் பெயரால் கோடு கிழித்த தெருக்கள் இருந்தன என்பதை மறைப்பது தர்மமாகாது. அது நம் மனத்தை உறுத்த வேண்டிய சரித்திரந்தான்.

வைஷ்ணவ குருபரம்பரைக் கதைகளில் ஒன்று இவ்விடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். திருக்கோவலூரில் ஒரு மழை இரவில், ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் பொய்கையாழ்வார் வந்து படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தபோது ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வாரும் வந்து சேரவே, இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்து, அவர் யாரென்று அறியப் பாடத் தொடங்கினார்கள் என்பது ஐதிகம். ஒவ்வொன்றும் 100 வெண்பாக்கள் கொண்ட மூன்று திருவந்தாதிகள் அவ்வாறு பிறந்தனவாம். அந்த இரவில் அவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் நான் கேட்ட கதையில் தலைகாட்டுவதில்லை. அவர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு அவர்பேரில் தனியான ஒரு பக்தி உண்டு.

வழிப்போக்கருக்கென்று வைத்த இடம் பகலில் பிள்ளைகளுக்கு ஆயிற்று. ஊரில் யாராவது ஒருவர் தம் திண்ணையை விட்டுக்கொடுக்க, வாத்தியார் அங்கே அமர்ந்து மணலைப் பரப்பி, பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைத்தார். சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு எண்சுவடி சொல்லிக்கொடுத்தான். எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கென 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த பள்ளியை மேற்பார்வை செய்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து அதை அவர் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று.

இனி என் சாந்தியின் காரணத்துக்கு வருகிறேன். வீட்டின் உள்ளே நான் எங்கு அமர்ந்தாலும் அது என் பாத்தியதைக்கு உட்பட்ட இடம். ஒழுகும் ஓடு, கட்டவேண்டிய வரி, பங்காளியோடு பேசித் தீர்க்கவேண்டிய எல்லை எல்லாம் என்னோடு கூடவே வந்து அமர்ந்துகொள்கின்றன. திண்ணையில் அப்படியில்லை. அது எனக்காகக் கட்டப்பட்டதன்று. பெயர் தெரியாத எவனோ ஒருவனுடைய கால்வலியை நினைத்துக் கட்டப்பட்டது. அந்தத் தலைமேட்டில் நான் சாயும்போது, என் வீட்டுக்கே நான் விருந்தாளியாகிவிடுகிறேன். உரிமையாக உள்ள பொருள் பெருமிதத்தைத் தரும், சில சமயம் கவலையையும் தரும். நமக்கென்று வைக்கப்படாமலே நமக்குக் கிடைத்துவிட்ட ஒன்றின் முன்னால்தான் கை தானாகவே குவிகிறது. செங்கல் சுட்டவரையும், சாந்து அரைத்த பெண்களையும், கொல்லையில் கூடுதலாக ஓர் அறை கட்டிக்கொள்ளாமல் அந்தப் பணத்தை வாசலில் செலவிட்ட முன்னோரையும், அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொருவராக நினைத்துக்கொள்கிறேன். அதைவிட மேலான பிரார்த்தனை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் பெரும்பாலான திண்ணைகளுக்கு இப்போது இரும்புக் கிராதி வந்துவிட்டது. திருட்டுப் பயம், தூசி, சைக்கிளும் மோட்டார் வண்டியும் நிறுத்த இடமின்மை என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்களை நான் குறைகூறவில்லை. மேலும், பழைய ரஸ்தாவைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதால் தெரு உயர்ந்து, இடுப்பளவு இருந்த திண்ணைகள் முழங்காலளவுக்குத் தாழ்ந்து, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் நிலைக்கு வந்துவிட்டன. அதைக் காண எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

ஆனால், நான் தற்சமயம் வசிக்கும் நகரத்துத் தெருவில் அண்மையில் ஒருவர் புதுவீடு கட்டினார். மதிலை மனையின் எல்லை வரையில் கொண்டுவராமல் சற்று உள்ளே தள்ளி எழுப்பி, வெளியே மிஞ்சிய இடத்தில் கடப்பைக்கல் பதித்த ஒரு மேடை கட்டி, மேலே சிறிய சார்ப்பு ஒன்றும் இறக்கியிருக்கிறார். இடத்தை வீணாக்குவானேன் என்று மேஸ்திரி கேட்டதற்கு, "இந்தத் தெருவிலே நிழலே இல்லையே, ஐயா" என்று மட்டும் பதில் சொன்னாராம். காலையில் கீரைக்கூடையை இறக்கி வைக்கும் அம்மாளையும், மத்தியானத்தில் உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர்களையும் அங்கே பார்க்கிறேன். ஒருநாள் போகிற வழியில் நானும் அதில் உட்கார்ந்து பார்த்தேன். உயரம் சரியாகத்தான் இருக்கிறது.