ஐந்து கட்டைகளின் தேய்மானம்

புல்புல்தாராவை ஓர் இசைக்கருவி என்று ஒத்துக்கொள்ளவே பலருக்கு மனம் வருவதில்லை. வீணையில் கம்பியை மெட்டின் மேல் இழுத்துக் கமகம் பிடிக்கலாம். இதில் விரல் கம்பியைத் தொடுவதே இல்லை. கட்டையை அழுத்தினால் அதன் அடியிலுள்ள தகடு கம்பியை மெட்டோடு சேர்த்துப் பிடிக்கும், வலக்கை மீட்டும், சுரம் நின்ற இடத்தில் நிற்கும். கமகமே உயிர் என்று நினைக்கும் சங்கீதத்தில் இதற்கு இடம் கிடைக்காததில் வியப்பில்லை. ஆனால் வாங்கிய அன்று மாலையே, குரு இல்லாமல், தெரிந்த ஒரு பாட்டை இதில் வாசித்துவிடலாம். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதற்காகவே பிறந்த கருவி இது. 1912இல் ஜப்பானின் நகோயா நகரத்தில் மொரிதா கோரோ என்பவர் தட்டச்சுப் பொறியைப் போலக் கட்டைகள் வைத்து இதைச் செய்தார். அந்த ஆண்டுதான் தாய்ஷோ பேரரசரின் காலமும் தொடங்கியது. அதனால் தாய்ஷோகோதோ என்று பெயர். அங்கிருந்து அது போன தூரம் என்னை இன்னமும் மலைக்க வைக்கிறது. பலுசிஸ்தானில் பென்ஜு, பாலித்தீவில் மாண்டலின், ஜெர்மனியில் அக்கோர்டோலியா, மும்பை கணபதி ஊர்வலத்தில் மின்சாரம் ஏறிய பாஞ்சோ. கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாவில் தாராப் பாட்டுக்கும் அது துணையாக நின்றது. எந்த அரசவையும் அதை ஆதரிக்கவில்லை. கைக்குக் கை மாறியே அத்தனை கடலையும் தாண்டிவிட்டது.

எனக்குக் கிடைத்தது ஒரு காயலாங்கடையில், உடைந்த மின்விசிறி இறக்கைகளுக்கு அடியில். அடிப்பலகை பிளந்திருந்தது. சுருதிக் கம்பிகள் ஒன்றுகூட இல்லை. பாதி ஸ்பிரிங்குகள் துருவில் இறுகிப்போய், அழுத்திய கட்டை மேலே வராமல் கிடந்தது. ஓய்வு நேரத்தில் பழைய கருவிகளைப் பிரித்துப் பூட்டுவது என் பழக்கம். வாங்கி வந்துவிட்டேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பசை. தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வார்களே, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது, அதைத்தான் பயன்படுத்துகிறேன். வெந்நீர்ச் சட்டியில் வைத்து இளக்கிப் பூசி, ஒரு இரவு இறுக்கிக் கட்டிவைத்தால் பலகை ஒன்றாகிவிடும். டப்பாவில் வரும் வெள்ளைப் பசையும் ஒட்டும், சொல்லப்போனால் இன்னும் சுலபமாக ஒட்டும். ஆனால் வச்சிரத்தைச் சூடும் ஈரமும் கொடுத்துப் பின்னொரு நாள் பிரிக்கலாம். எனக்குப் பிறகு இதைத் திறக்கப்போகிறவர் மரத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கும் அப்படித்தான்: பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பூச்சு இளகிச் சேர்ந்துகொள்ளும். நம் கையே கடைசிக் கை என்று நினைக்காத பொருட்கள் இவை.

கம்பிகளைத் தாங்கும் குதிரையை வைப்பதில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. மேல் ஸ்தாயிக்கான மெட்டு, கம்பியின் இரு முனைகளுக்கும் சரியாக நடுவில் விழ வேண்டும். குதிரை ஒரு நூல் நகர்ந்தாலும் எல்லாச் சுரமும் பிசகும்.

கட்டைகளைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருக்கவில்லை. இரண்டு ஸ்தாயியிலும் ஐந்தைந்து கட்டைகள் மட்டும் நடுவில் குழிந்திருந்தன. மற்றவை ஏறக்குறையப் புதிது. பழைய சொந்தக்காரர், யாரென்று தெரியாது, ஒரே ராகத்தை ஆண்டுக்கணக்கில் வாசித்திருக்கிறார்.

எந்த ராகம்? தேய்மானம் மட்டும் அதைச் சொல்லாது. மோகனத்தின் அதே ஐந்து இடங்களில் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்யமாவதி வரும். காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. எது ஷட்ஜம் என்று தெரிய வேண்டும். சுருதிக் கம்பி இருந்திருந்தால் அது சொல்லியிருக்கும். ஆனால் கட்டைகளின் ஓரத்து மரச்சட்டத்தில், அழுக்கோடு அழுக்காக, ஊதா மையில் எழுத்துகள் இருந்தன. ச, ரி, க என்று கோணலாக, ஒவ்வொன்றும் அதனதன் கட்டைக்கு நேராக. மோகனம்தான்.

உப்புத்தாள் என் கையில் இருந்தது. அடுத்து தேய்க்க வேண்டியது அந்தச் சட்டத்தைத்தான்.

அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி: ஒன்றைச் சரிசெய்கிறோம் என்றால் யாருக்காக? புதிதாக மின்ன வேண்டும் என்பது பெரும்பாலும் நம் ஆசை, கருவியின் தேவை அல்ல. நமக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை என்பதுபோல் தொடங்கப் பிடிக்கிறது நமக்கு. வீடு வாங்கியதும் சுவரில் யாரோ தங்கள் பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டுவைத்த இடத்துக்கு முதலில் வெள்ளையடிக்கிறோம் அல்லவா, அந்த அவசரம்தான். கோடு நமக்கு எந்த இடைஞ்சலும் செய்வதில்லை.

இதற்கு மறுப்பும் எனக்குள்ளேயே எழுந்தது. மாற்றாமல் காப்பாற்றிய கருவியா இது? மும்பைக்காரர் பிக்கப் வைக்காமல் இருந்திருந்தால் அந்தத் தெருக்களில் இது என்றோ ஓய்ந்திருக்கும். ஆனால் அவர் மாற்றியது வாசிக்க, ஊர்வலத்துக் கூச்சலுக்கு நடுவே கேட்க வேண்டும் என்பதற்காக. நான் சட்டத்தைத் தேய்க்க நினைத்ததில் வாசிப்புக்கு ஒரு பயனும் இல்லை. இந்த வித்தியாசம் தெளிவானதும் வேலை தானாகப் பிரிந்துவிட்டது. ஸ்பிரிங்குகளைத் தயங்காமல் மாற்றினேன், கம்பிகளை மாற்றினேன், ஆடிய முறுக்காணிக்குப் பதில் புதியது போட்டேன். எழுத்துகளையும் குழிந்த கட்டைகளையும் விட்டுவிட்டேன். குழி விரலுக்கு வாகாகவே இருக்கிறது.

இன்னொரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது கல்யாணி. அதற்குப் பிரதி மத்யமமும் நிஷாதமும் வேண்டும், அவர் தொடாத கட்டைகள். நான் வாசிக்க வாசிக்க அவையும் தேயும், அவருடைய மோகனம் என் கல்யாணிக்குள் கலைந்துபோகும். கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால் கலையாது. ஆனால் அதற்காகவா ஸ்பிரிங் மாற்றினேன்? கிடைத்தபடியே ஒவ்வொரு கட்டையையும் படம் எடுத்தேன். எதை மாற்றினேன், எந்தப் பசை, ஊதா எழுத்து என்னுடையது அல்ல என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்பக்கம் வச்சிரத்தாலேயே ஒட்டினேன். பிறகு ஷட்ஜத்துக்குச் சுருதி சேர்த்தேன், அவர் குறித்திருந்த அதே இடத்தில். கல்யாணியையும் அங்கிருந்தே வாசிக்கிறேன்.