அப்பாயியின் தகரப்பெட்டி

அப்பாயி இறந்து முப்பதாம் நாள் கழிந்தபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். கூறைச்சேலை மடிப்புக்குள் இரண்டே காகிதங்கள். ஒன்று கறையான் அரித்த சம்பளத்துண்டு. மற்றது தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை அனுப்பிய பதிவுத்தபால் ரசீது. அந்த விண்ணப்பம் தள்ளுபடியானது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அதில் தோட்டத் தமிழர்களான எங்கள் இனத்தின் பெயரே இல்லை. தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி. கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரரிடமும் அந்தக் காகிதம் இருந்திருக்காதுதான். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுச் சட்டமோ, இடைவிடாமல் இங்கே வசித்ததற்குச் சான்று கேட்டது. அதைக் காட்டும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு தோட்ட ஆபீஸில் இருந்தது. விசாரணையில் அப்பாயி சொன்னாராம்: “எங்க மாமனாரு வெட்டின கானுல இன்னமும் தண்ணி ஓடுது, போயிப் பாருங்க தொர!” கான் சாட்சி சொல்லாது என்பது தொரைக்குத் தெரியும்.

1947இல் தலவாக்கலைத் தொகுதி எங்கள் ஆளான சி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 தேர்தலில் எங்கள் ஆட்கள் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. இதை எதிர்த்துக் கோடக்கன்பிள்ளை என்பவர் வழக்குக்குப் போனார். ஒரு சமூகத்தின்மீது மட்டும் சுமை ஏற்றும் சட்டம் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அதைக் காட்டிய அவர் வாதத்தை இடாப்பைத் திருத்திய அதிகாரி ஏற்றுக்கொண்டார், உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலும் ஏற்கவில்லை. தன் பிரஜை யார் என்று தீர்மானிக்கும் உரிமை நாட்டுக்கு உண்டு என்றார்கள்.

சட்ட நுணுக்கத்தில் அவர்கள் பிசகியிருக்க மாட்டார்கள். எனக்கு நெருடுவதே அதுதான். கண்ணகி மதுரைக்குப் போனபோது ஒற்றைச் சிலம்பாவது கையில் இருந்தது; உடைத்துக் காட்டினாள். சான்றையே எதிராளியின் அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு “சான்று எங்கே?” என்று கேட்கிற சபையில் அவள் எதை உடைத்திருப்பாள்?

பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அப்பாயியின் தம்பி, ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் ஆட்கள் சொன்ன ரயிலில் இந்தியாவுக்குப் போனார், திரும்பி வரவில்லை.

“பறித்த சட்டம்தானே 2003இல் திருப்பித் தந்தது?” என்பார் என் வக்கீல் நண்பர். ஒத்துக்கொள்கிறேன். நாடற்றிருந்தவர்களுக்கு 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தது உண்மை. தாத்தா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார் என்பதும் உண்மை.

இப்போது என்னிடம் அடையாள அட்டை இருக்கிறது, வாக்கும் இருக்கிறது. எங்கள் லயத்து வீட்டுக் கதவுக்கு மட்டும் இலக்கம் கிடையாது. எனக்கு வரும் கடிதம் இன்றைக்கும் முதலில் தோட்ட ஆபீஸுக்குத்தான் போகிறது.