கணக்கில் வராத பயணி

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து ஆகும் செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் படிப்பினையை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அது சீடத்துவத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது. எனினும் பொதுப்பணத்தைக் கையாளும் எவருக்கும் அது பொருந்தும். ஆனால், கணக்கிடுவது என்பதன் பொருள் என்ன? எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விட்டுவிடுவது? இக்கேள்வி பொறியாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் மட்டும் உரியதன்று. நம் மனச்சான்றுக்கும் உரியது.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. உலக வங்கியின் துணையோடு அமைந்த திட்டம் அது. புகையில்லை, இரைச்சல் குறைவு, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் எளிதாக ஏறலாம். இவை நன்மைகளே, அவற்றை மறுப்பதற்கில்லை. இத்தகைய பேருந்துகள் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருங்காலத்தில் அவற்றை எந்த அளவுகோலால் அளக்கப் போகிறோம் என்பதே நம் சிந்தனைக்குரியது.

இவ்விரு மாவட்டங்களும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த மண். சாத்தனூரின் கல்மரமும், காரைப் பகுதியில் கிடைக்கும் சிப்பிப் படிவங்களும் அதற்குச் சாட்சி. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்கு உணவு. கல்லேற்றிச் செல்லும் லாரிகளின் புழுதியும் புகையும் சாலையோர மக்களின் அன்றாட அனுபவம். ஆகவே தூய காற்று என்பது நம்மவர்க்கு அழகிய சொல் மட்டுமன்று. மூச்சோடு தொடர்புடைய உண்மை.

முதலில் புகையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்து என்றால், கிலோமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மின்சாரப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த யூனிட் முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்தால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஏறத்தாழ ஒரு கிலோ வாயுவை வெளியிட்டிருக்கும். அப்படியானால், பேருந்து நிலையத்தில் நிற்கும் குழந்தையின் மூச்சுக்கு நேர்ந்த தீங்கு நீங்கியது உண்மை; ஆனால் வானத்தின் சுமை குறையவில்லை. முப்பந்தலின் காற்றும் தென்மாவட்டங்களின் வெயிலும் அம்மின்சாரத்தைத் தரும்போதுதான் இரண்டு நன்மைகளும் ஒருங்கே கிட்டும். எனவே பேருந்தை மாற்றும் திட்டமும் மின்சாரத்தை மாற்றும் திட்டமும் பிரிக்க இயலாதவை.

நிலக்கரியின் விலை இன்னதென்று செயங்கொண்டம் வட்டாரத்து உழவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென 1990-களில் அங்குப் பல ஊர்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. திட்டம் நிறைவேறவில்லை. கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பின்னரே நிலங்களைத் திருப்பித்தர அரசு முடிவெடுத்தது. நன்மைக்கென்று வரையப்பட்ட திட்டமும், அதன் சுமையைத் தாங்குவோரைக் கணக்கில் கொள்ளாவிட்டால், தலைமுறைத் துயரமாகிவிடும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள பாடம் நமக்குத் தேவையில்லை.

இனிப் பயணியின் கணக்கு. சென்னையில் ஓடும் பேருந்து ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் என்கின்றனர். மாநகருக்குள் இது பெரும்பாலும் போதும். வெளியூர்ப் பேருந்தோ ஒரே நாளில் அதைவிட மிகுதியாக ஓட வேண்டியிருக்கும். பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு நான்கைந்து நடை போய்வருவதற்குள் இடையில் மின்னேற்ற நேரமும் இடமும் தேவைப்படும். ஆகவே செலவையும் வசதியையும் மட்டும் எண்ணினால் புதிய பேருந்து நெடுஞ்சாலைக்கும் பெருநகருக்கும் முதலில் செல்லும். வருவாய் குறைந்த சிற்றூர்த் தடம் கடைசியில் நிற்கும். பழைய வண்டிகள் கழிக்கப்பட்டு, புதியவை எண்ணிக்கையில் குறைந்தால், முதலில் நின்றுபோவது விடியற்காலை நடையும் இரவின் கடைசி நடையுமாகவே இருக்கக்கூடும்.

அந்த நடையில் பயணம் செய்பவர் யார்? சந்தைக்குக் கூடை சுமந்து செல்லும் தாய். அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டிய முதியவர். கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவி. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கட்டணமில்லாப் பயணம் ஓர் உரிமையாக நிலைக்க வேண்டுமானால், பேருந்து ஊருக்குள் வந்தாக வேண்டும். வராத பேருந்தில் இலவசம் என்பதற்குப் பொருளில்லை.

தொழிலாளியின் கணக்கும் உண்டு. சென்னையின் புதிய முறையில் ஓடிய தொலைவுக்கு ஏற்ப ஒப்பந்த நிறுவனத்துக்குப் பணம் தரப்படுகிறது. ஓட்டுநரை அந்நிறுவனமே அமர்த்துகிறது. நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவர். அரசு ஒரே நேரத்தில் பெருந்தொகை முதலிட வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் ஒரே பேருந்தில் இருவேறு பணிப்பாதுகாப்பு உடைய இருவர் அருகருகே உழைப்பதையும், டீசல் எஞ்சினையே வாழ்நாள் முழுதும் அறிந்த பணிமனைக் கம்மியரின் நாளையையும் எண்ணாமல் விடலாமா?

இவ்வாறெல்லாம் தயங்கினால் எந்த மாற்றமும் நிகழாதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறையற்ற நாளுக்காகக் காத்திருப்பதும் ஒரு தவறே. அக்காத்திருப்பின் புகையைச் சுவாசிப்பவரும் ஏழைகளே. நாம் மாற்றத்தை மறுக்கவில்லை. அதன் வரிசையைக் கேட்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தரும் தேவையைப் பேசும்போதே, நெரிசலாலும் அரிதான சேவையாலும் மக்கள் இழிவாக நடத்தப்படுவதையும் சுட்டுகிறது. காற்றின் தூய்மையும் பயணியின் மாண்பும் அங்கு ஒரே மூச்சில் பேசப்படுகின்றன.

1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை. வண்டியை அவர் ஓட்டவில்லை. ஆயினும் முகமறியாப் பயணிகளுக்குத் தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கருதினார். மதிப்பீடு என்பதன் முழுப்பொருளை இம்மண்ணே நாட்டுக்குக் கற்பித்தது எனலாம். வரவு செலவைச் சரிபார்ப்பது அதன் ஒரு பாதி. பதில் சொல்வது மறுபாதி.

எனவே புதிய பேருந்து வரும் நாளில் நாம் கேட்க வேண்டியவை மிக எளியவை. இதற்கான மின்சாரம் எங்கிருந்து வந்தது? இதனால் எந்த ஊரின் நடை நின்றது? இதை ஓட்டுபவருக்கு நியாயமான ஊதியம் உண்டா? கிராமசபையிலும் பங்குப் பேரவையிலும் இக்கேள்விகளை எழுப்ப நமக்குத் தடையேதுமில்லை. இருள் பிரியாத வேளையில், ஊர்க்கோடி நிறுத்தத்தில், கூடையோடு ஒருத்தி சாலையை நோக்கி நிற்கிறாள். அவளைச் சேர்க்காத கணக்கு எத்துணைச் சரியாகக் கூட்டப்பட்டிருந்தாலும் பிழையான கணக்கே.