சுண்ணாம்பும் நோக்கமும்

நோக்கம் நல்லதானால் செயலும் நல்லது என்பவர்கள் (நம் விமர்சகர்களில் பலர் இப்படித்தான், எழுதியவனின் நோக்கம் பிடிபட்டதும் படைப்பும் பிடிபட்டதாக எழுந்துவிடுவார்கள்) அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையிலுள்ள கரிசலில் நிற்கும் பனைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாளையிலிருந்து வடிவது ஒரே சாறு. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதனீர். தடவாத கலயத்தில் விழுந்தால் விடிவதற்குள் கள். மரம் அதே, அரிவாள் அதே, ஏறுகிறவனும் அவனே. சொட்டிய கணத்திலிருந்து ஈஸ்ட் சாற்றில் வேலை செய்யத் தொடங்குகிறது; சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுத்து நிறுத்துகிறது. அதாவது கள் தானாக ஆவது, பதனீர் ஆக்கப்படுவது. இனிப்பை இயற்கையாகவும் போதையை விகாரமாகவும் பேசும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

ஆக்குவதில் மனசுக்கு என்ன பங்கு? பதனீர்தான் வேண்டும் என்ற நினைப்போடு அவன் கலயத்தைக் கட்டியிருக்கலாம். சுண்ணாம்பு போதாவிட்டால் நினைப்பினால் பயனில்லை. நேற்றுத் தடவியது இன்றைக்கு உதவாது. பாளையை அன்றன்று சீவ வேண்டும், கலயத்துக்கு அன்றன்று சுண்ணாம்பு இட வேண்டும், பருவம் முடிகிற வரைக்கும். சும்மா இருப்பது குற்றமற்ற ஸ்திதி என்ற எண்ணம் இங்கே செல்லாது. சும்மா இருந்தால் கள். (ரமணர் 1879இல் பிறந்த ஊர் திருச்சுழி. அவர் சொன்ன 'சும்மா' வேறு. அதற்கும் விழிப்பு வேண்டும்.)

கள்ளுக்கு மாற்றாகப் பனைவெல்லத்தைக் காந்தி முன்வைத்தபோது ஏறுகிறவனுக்கு உபதேசத்தோடு நிற்காமல் ஒரு வேலையையும் காட்டினார். சட்டத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கியது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 முதல் கள் இறக்கத் தடை. 2003 முதல் பிராந்தியையும் ரம்மையும் அரசே சில்லறையில் விற்கிறது. ஆலைக்குள் நடக்கும் நொதித்தலுக்கு முகம் இல்லை. மரத்தில் நடப்பதற்கு உண்டு, பிடித்துக்கொண்டு போக வசதியாக.

ஆனால் சட்டம் எட்டாத ஓர் இடமும் இருக்கிறது, அடுப்பு. பதனீரைக் கொதிக்கவிட்டு, பொங்கினால் இடித்த ஆமணக்கு விதையைப் போட்டு அடக்கி, பாகாகக் காய்ச்சுகிறார்கள். தெற்கே இதைக் கூப்பனி என்பார்கள். மேலும் பதம் ஏறியதும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. லேசாகப் புளித்த சாறு எவ்வளவு காய்ச்சினாலும் சரியாக உறையாது. அதன் சர்க்கரை உடைந்துபோயிருக்கும். பிசுபிசுவென்று பாகாகவே நின்றுவிடும். அதில் போதை இல்லை, எந்த அதிகாரிக்கும் அதனிடம் கேள்வி இல்லை. கருப்பட்டி விலைக்கும் போகாது.

விடியற்காலையில் ஒரு கலயத்தை முகர்ந்ததுமே அது மாறிவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடும். எனக்கு ஒழுக்கப் பிரச்னை தொடங்குவது அங்கேதான். கொட்டினால் அந்த மரத்து ஏற்றம் வீண். கொட்டாமல் மற்றதோடு கலந்தால் கொப்பரை முழுவதும் கெடலாம், அல்லது தப்பித்துக்கொள்ளலாம். அடுப்பு மூட்டிக் காத்திருப்பவள் பெரும்பாலும் அவன் மனைவி. அவளிடம் சொல்லிவிட்டு ஊற்றுகிறானா, சொல்லாமலா?